கெய்க்கோ வீட்டு அலுமாரி

அடுத்தவர் உடுப்பைப் பிரித்துத் தைக்கும் தொழிலில், உடுப்போடு சேர்ந்து அந்த வீட்டுக் கதையும் பிரிபடும். ஊசி பிடித்தவர்களே, உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. இரண்டாயிரமாம் ஆண்டுகளில் கனடாவில் மொன்றியல் நகரின் வில்லரேப் பகுதியில் ஒரு தையல் கடை வைத்திருந்தேன். கூட மன்னார் ரோஸ்மேரி அக்கா. அயன் பண்ணுவது அவர் பொறுப்பு. ஜப்பானியப் பெண்கள் எந்தக் காலத்தில் என்ன உடுத்தார்கள் என்று நான் புத்தகத்தில் படிக்கவில்லை. கெய்க்கோ என்ற வாடிக்கைக்காரியின் அலுமாரியே துண்டு துண்டாக என் மேசைக்கு வந்தது.

தலையணைத் தோள்

முதலில் வந்தது எண்பதுகளில் வாங்கிய கோட். தோளுக்குள் இரண்டு தலையணை. கெய்க்கோவின் உடைந்த பிரெஞ்சும் என்னுடைய உடைந்த பிரெஞ்சும் சேர்ந்தால் ஒரு முழு வசனம் தேறும். டோக்கியோவில் காசு கொழித்த காலத்தில் கந்தோர் வேலைக்குப் போன பெண்களெல்லாம் ஆண்களின் தோள் அகலத்துக்குக் கோட் போட்டார்களாம். அந்தப் பஞ்சை எடுத்துவிட்டுக் கச்சிதமாகப் பொருத்திக் கொடுத்தேன். என் வேலையில் பிழை பிடிக்க ஆள் இனித்தான் பிறக்கவேண்டும். கெய்க்கோ பஞ்சைக் கையில் வைத்து அமத்திப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"அங்கே ரயிலில் ஆண்களை இடிக்க இது வேண்டியிருந்தது, மதாம். இங்கே மெத்ரோவில் இடம் இருக்கிறது."

கறுப்புச் சட்டை

அவருடைய மகள் நயோமிக்குப் பதினேழு வயது. என் மகளுக்கும் அதே வயதுதான், ஆனால் நான் தைத்ததை அவள் தொட்டும் பார்க்கமாட்டாள். நயோமியோ டோக்கியோ சஞ்சிகை ஒன்றைத் தூக்கிக்கொண்டு என்னிடம் ஓடிவந்தாள். முழங்கால்வரை சட்டை, ஐந்து அடுக்குச் சுருக்கு, லேஸ், தலையில் வலை, எல்லாம் கறுப்பு. அங்கே வீதிகளில் இளம் பெண்கள் இப்போது இப்படித்தான் திரிகிறார்களாம். நான் அசரவில்லை. எங்கள் மாதா கோயில் பிள்ளைகள் முதன்முதல் நற்கருணை வாங்கும் நாளுக்கு எத்தனை வெள்ளை முதல் நன்மைச் சட்டை தைத்த கை இது! அதே வெட்டைக் கொஞ்சம் பெருப்பித்தேன், அவ்வளவுதான். நயோமி கண்ணாடி முன்னால் சுழன்றாள். ரோஸ்மேரி அக்கா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்:

"எடியே, முதல் நன்மைக்கு ஆரடி கறுப்புப் போடுறது?"

முழங்காலோடு

அடுத்த மாதம் நயோமி ஒரு பட்டுக் கிமோனோவோடு வந்தாள். செம்மஞ்சள் பட்டில் வெள்ளைக் கொக்குகள். கைகள் கணுக்கால்வரை தொங்கின. கல்யாணமாகாத பெண்களுக்குத்தான் அந்த நீளக் கையாம். கெய்க்கோவுக்கு இருபது வயதானபோது அவருடைய அம்மா எடுத்துக் கொடுத்தது. "முழங்காலோடு வெட்டுங்கள், கையையும் வெட்டுங்கள். அம்மாவுக்குத் தெரியும்" என்றாள்.

நான் துணியை வெட்டி எறிகிற பரம்பரை இல்லை. சேலை பிளவுசுக்கே இரண்டு பக்கமும் இரண்டு விரல் துணியை உள்ளுக்கு விட்டுத்தான் தைப்போம். உடம்பு வைத்தால் பிரித்துப் பெருப்பிக்கலாம். கிமோனோவையும் கத்தரிக்கோல் படாமல் உள்ளுக்கு மடித்து, உருவினால் பிரிகிற மாதிரிக் கையாலேயே நூலோடினேன்.

வெள்ளிக்கிழமை நயோமி அதைப் போட்டுப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது கெய்க்கோ தைக்கக் கொடுத்திருந்த தன் பாவாடையை எடுக்க வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார். நயோமியின் முகம் வெளிறியது. அம்மாவுக்குத் தெரியவே தெரியாது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"என் அம்மாவின் ஞாபகமாக என்னிடம் இருந்தது இது ஒன்றுதான்" என்றார் கெய்க்கோ. "வெட்டிவிட்டீர்களே."

குனிந்து ஒரு நூலை உருவினேன். பட்டு சரசரவென்று இறங்கி நயோமியின் பாதத்தை மூடியது. கொக்கு ஒன்றுகூடக் குறையவில்லை.

கெய்க்கோ முழங்காலிட்டு மடிப்புக் கோட்டை விரலால் தடவினார். அழுதார். நயோமியும் அழுதாள். ரோஸ்மேரி அக்கா அயன் சூட்டைக் குறைத்துவிட்டுத் தானும் சேர்ந்து அழுதார். பிறகு கெய்க்கோ எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, வளர்ந்தால் பிரிக்கலாம் என்று என் அம்மாவும் இப்படித்தான் மடித்துத் தைப்பார். திரும்ப மடித்துத் தையுங்கள், மதாம். இவள் இன்னும் வளரவில்லை."

ஜப்பானின் மூன்று தலைமுறை உடுப்புக்கு வழி கண்டுபிடித்த எனக்கு, என் மகளுக்குப் பிடித்த மாதிரி ஒரு சட்டை தைக்க மட்டும் இன்றுவரை கைவரவில்லை.