கோட்டில் ஒரு கிழிசல், சட்டையில் ஒரு கிழிசல்

அந்த ஞாயிற்றுக்கிழமை அருங்காட்சியகத்துக்கு என்னோடு என் கணவர்தான் வந்திருக்க வேண்டும். மறைமலை நகரில் அவருக்குத் திடீரென்று ஷிஃப்ட் போட்டுவிட்டார்கள். இரண்டு பேருக்கும் பதிவு செய்தாகிவிட்டதே என்று அவருடைய தங்கையை அழைத்துக்கொண்டு தாம்பரத்தில் ரயில் ஏறினேன். அவள் ஏற்றுமதிக்குத் துணி தைக்கும் கம்பெனியில் வேலை பார்ப்பவள். நான் பள்ளிக்கூட டீச்சர். இரும்புலியூரில் ஒரே வீட்டில் ஆறு வருடமாக இருக்கிறோம். சாப்பிட்டாயா, தண்ணீர் வந்ததா என்பதற்கு மேல் அதிகம் பேசிக்கொண்டதில்லை.

கண்காட்சி ஒரு பழைய கொலையைப் பற்றியது. நூறு வருடத்துக்கு முன் ஒரு ஜவுளி வியாபாரியைக் கத்தியால் குத்திவிட்டார்கள். உடல் கடைக்குப் பின்னால் சந்தில் கிடந்தது. வாக்குமூலங்கள், கடையின் வரைபடம், இறந்தவரின் உடைகள் எல்லாம் மூன்று அறைகளில் இருந்தன. அவற்றைப் பார்த்துவிட்டு, வியாபாரியின் தம்பி, குமாஸ்தா, காவலாளி மூவரில் கொலையாளி யாரென்று தாளில் எழுதித் தர வேண்டும்.

நான் வாக்குமூலங்களில் இறங்கிவிட்டேன். முன்வாசல் வழியாக வீட்டுக்குப் போகும்போது முதலாளி அறையில் விளக்கு எரிந்ததைப் பார்த்ததாகக் குமாஸ்தா சொல்லியிருந்தான். வரைபடத்தில் அந்த அறைக்கு ஒரே ஜன்னல்தான். அதுவும் பின்பக்கச் சந்தைப் பார்த்து. அப்படியென்றால் அவன் சந்தில் நின்றிருக்கிறான்! 'குமாஸ்தா' என்று எழுதிவிட்டு நாத்தனாரைத் தேடினால், அவள் இன்னும் முதல் அறையிலேயே, உடைகள் இருந்த கண்ணாடிப் பெட்டியின் முன் குனிந்து நின்றாள்.

"அண்ணி, இத்த பாருங்க. சட்டைல கிழிசல் இங்க கீது. கோட்டுல ரெண்டு விரக்கடை கீழ கீது."

"அதனால என்ன?"

"போட்டுக்கினு இருக்கசொல்ல குத்துனா ரெண்டும் ஒரே எடத்துலதான வரணும்? குத்துனப்புறம் எவனோ கோட்ட மாட்டி, தனியா கிழிச்சிருக்கான். சந்துல நின்னுகினா அதெல்லாம் பண்ணுவான்? உள்ள ரூம்லதான் நடந்திருக்கு."

வாக்குமூலங்களின்படி, முதலாளியைத் தவிர அறைச் சாவி தம்பியிடம் மட்டும்தான் இருந்தது. எனக்குச் சிலிர்த்துவிட்டது. கண்ணாடியின் மேல் விரல் வைத்து, காலரிலிருந்து அவள் அளந்து காட்டியபோது நாலைந்து பேர் சுற்றி நின்று கேட்டார்கள். நான் தாளில் 'குமாஸ்தா' என்றிருந்ததை அடித்துவிட்டு 'தம்பி' என்று எழுதிக் கொடுத்தேன்.

விடை குமாஸ்தா. ஜன்னலைத்தான் தடயமாக வைத்திருந்தார்கள்.

"அப்போ இந்தக் கிழிசலு?" இவள் விடவில்லை. வழிகாட்டிப் பெண் உள்ளே போய் ஓர் அதிகாரியை அழைத்து வந்தாள். அவர் பெட்டியைத் திறந்து டேப் வைத்து அளந்தார். கோட்டு அசல், சட்டை கண்காட்சிக்காகப் புதிதாகத் தைத்ததாம்.

"தைச்சவர் இடம் மாத்திக் கிழிச்சுட்டார் போல. இத்தனை நாள்ல யாரும் கேக்கல மேடம்" என்று அசடு வழிந்தார்.

திரும்பும்போது ரயிலில் அவள் முகம் சுருங்கியிருந்தது.

"மொதல்லயே சரியா எழுதிட்டீங்க. ஏன் அண்ணி அடிச்சீங்க?"

"நீ சொன்னது அவ்வளவு நம்புற மாதிரி இருந்துச்சு. இப்பவும் எனக்கு அந்தத் தம்பி மேலதான் சந்தேகம்."

சிரித்துவிட்டாள். குரோம்பேட்டை தாண்டியதும் மெல்லக் கேட்டாள்: "அந்தக் குமாஸ்தாவுக்குப் பொண்டாட்டி, புள்ளைங்க இருந்துச்சா?"

அதை எங்கேயும் எழுதியிருக்கவில்லை. இருந்திருப்பார்கள் என்றாள் அவள். இருந்திருந்தால் யாராவது ஒருத்தர் சாட்சி சொல்ல வந்திருப்பார் என்றேன் நான். தாம்பரத்தில் இறங்கி வீட்டுக்கு நடக்கும்போதும் நாங்கள் அதைப் பேசி முடிக்கவில்லை.