வெள்ளைப் படிவு

கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் அவளுக்கு மூக்குக்காரி என்று பெயர். பரிசோதனைக்கூடத்தில் பத்தொன்பது வருடம். தொட்டிப் பக்கம் ஒரு நடை நடந்தாலே எதில் காற்று குறைகிறது என்று சொல்லிவிடுவாள். அவள் வாயும் மூக்குக்குச் சளைத்ததல்ல.

தொட்டிகளுக்குக் காற்றடிக்கும் ப்ளோயர் இரண்டு. ஒன்று படுத்து எட்டு மாதம். மற்றதும் ஒரு திங்கட்கிழமை நின்றது. காற்றில்லாவிட்டால் அழுக்கைத் தின்னும் கிருமிகள் இரண்டே நாளில் செத்துப்போகும். மேற்பார்வையாளர் யாரிடமும் சொல்லாமல் மாற்று மதகைத் திறந்துவிட்டார். ஊர்ச் சாக்கடை அப்படியே ஆற்றில் இறங்கியது.

"பழைய ரீடிங்கையே எழுதிடும்மா. வியாழக்கிழமை ஆய்வுக்கு வர்றாங்க," என்றார்.

"கீழ இருக்கிற ஊர்க்காரங்க அந்தத் தண்ணியிலதான் குளிக்கிறாங்க. நான் எழுத மாட்டேன் சார்."

"சரி, விடு."

விட்டுவிட்டார் என்றுதான் நினைத்தாள். புதன்கிழமை பதிவேட்டைத் திறந்தால் திங்கள் முதல் மூன்று நாள் அளவுகளும் நிரம்பியிருந்தன. ஓரத்தில் அவளுடைய கையெழுத்து. சுழி உட்பட அச்சு அசல். உள்ளங்கால் முதல் உச்சி வரை பற்றிக்கொண்டு வந்தது அவளுக்கு. அன்று வீட்டில் பாத்திரங்கள் பட்ட பாட்டைப் பார்த்துக் கணவன், "அதுங்க என்ன பாவம் பண்ணுச்சு?" என்றான். விஷயத்தைக் கேட்டதும் அவனுக்கும் சிரிப்பு வரவில்லை.

வியாழக்கிழமை அதிகாரிகள் மூன்று பேர் வந்தார்கள். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து டீ குடித்தார்கள், பதிவேட்டைப் புரட்டினார்கள். ஆற்றுப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "அருமையா வச்சிருக்கீங்க," என்றார் பெரியவர். மேற்பார்வையாளர் நெளிந்து சிரித்தார்.

அவள் இரண்டு பாட்டில்களைக் கொண்டுவந்து டீ கோப்பைகளுக்கு நடுவே ணங்கென்று வைத்தாள்.

"இது குழாய்த் தண்ணி. இது நாம ஆத்துல விடுறது."

இரண்டிலும் மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு மூடிக் குலுக்கினாள். குழாய்த் தண்ணீரில் பழுப்பாகப் படிந்தது. மற்றதில் பால்போல வெள்ளை.

"வெள்ளையா நல்லாத்தானே இருக்கு?" என்றார் பெரியவர்.

"வெள்ளைன்னா இதுல துளி ஆக்சிஜன் இல்லேன்னு அர்த்தம் சார். மீனை விட்டா செத்துரும். அப்புறம், நீங்க பாராட்டின பதிவேட்டுல இருக்கிறது என் கையெழுத்தே இல்ல. இவர் போட்டது."

அதன் பிறகுதான் அதிகாரிகள் எழுந்து ஆற்றங்கரைக்குப் போனார்கள். கரை ஓரமெல்லாம் மீன்கள் வயிறு காட்டி மிதந்தன. பெரியவர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

எட்டு மாதமாக வராத ப்ளோயர் ஒன்பதே நாளில் வந்தது. மதகு மூடப்பட்டது. மேற்பார்வையாளருக்கு எச்சரிக்கைக் கடிதம். நாற்காலி மட்டும் அதேதான். அவளுக்கும் ஒரு கடிதம் வந்தது: அனுமதியின்றி அதிகாரிகள் முன் பேசியதற்கு விளக்கம் தரவும். "பேசினேன். மறுபடி நடந்தால் மறுபடியும் பேசுவேன்," என்று இரண்டே வரி எழுதிக் கொடுத்தாள்.

இப்போது தினமும் காலையில் மேற்பார்வையாளர் அறை வாசலில் நின்று, தாழ்வாரம் முழுக்கக் கேட்கும்படி, ஆற்றில் விடும் நீரின் அளவுகளை வாசிக்கிறாள். அவர் கோப்பிலிருந்து தலையை நிமிர்த்துவதில்லை.

"காதுல விழுந்துச்சா சார்?"

அவர் ஆமென்று தலையாட்டும்வரை அவள் நகர்வதில்லை.