கோல்டன் ஹவருக்கு எத்தனை ஸ்டார்?

போன செவ்வாய்க்கிழமை காலை என் வயலுக்கு அறுவடை மெஷின் வந்தது. லாரி மேல் ஏறி, முன்னால் ஒரு பைக் வழிகாட்ட, ஊரே திரும்பிப் பார்க்க ஜம்மென்று வந்தது.

ஒரே ஒரு சிக்கல். பயிர் பச்சையாக இருந்தது.

சிரிக்காதீர்கள்... சரி, சிரித்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊரில் ஏற்கனவே சிரித்து முடித்துவிட்டார்கள்.

குத்தாலத்துக்குப் பக்கத்தில் எனக்கு நாலு மா நிலம் இருக்கிறது. ஏக்கர் கணக்கில் ஒன்றேகால் வரும். என் அப்பா காலமெல்லாம் அடுத்தவர் வயலில் அறுத்தவர். சொந்தமாக நிலம் என்று வந்தது என் காலத்தில்தான். நானோ முப்பது வருஷம் தாலுகா ஆபீஸில் ஃபைல் புரட்டிவிட்டு, ரிட்டயர் ஆன பிறகு வரப்பில் கால் வைத்தவன். விவசாயத்தில் இன்னும் எல்.கே.ஜி.தான்.

இப்போதெல்லாம் அறுப்புக்கு ஆள் தேட வேண்டியதில்லை. மெஷின் ஏஜென்ட்டுக்கு ஒரு போன் போட்டால் போதும். எங்கள் பக்கத்துக்கு செல்வம் என்று ஒருவர் இருக்கிறார். தை மாதத்தில் அவருக்கு மூச்சுவிட நேரமிருக்காது. ஒவ்வொரு வயலாக வந்து பார்க்க முடியுமா? "ஒரு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல போடுங்க சார், பாத்துட்டு நாள் சொல்றேன்" என்பார். நிறத்தைப் பார்த்தே எத்தனை நாளில் அறுக்கலாம் என்று சொல்லிவிடுவார். இதுவரை தப்பியதில்லை.

நானும் எடுத்து அனுப்பினேன். இரண்டு மூன்று வாரம் தள்ளி ஏதாவது ஒரு நாள் சொல்வார் என்று நினைத்தேன். அவரோ, "நல்லா பழுத்துருக்கே சார்! பக்கத்து ஊர்லதான் மெஷின் ஓடுது. நாளைக்கே அனுப்பிடுறேன்" என்றார்.

அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டாமா? வரவில்லை. ஏன் என்று சொல்கிறேன், யாரிடமும் சொல்லாதீர்கள்.

மெஷின் வந்தால் கூடவே நாலு பேர் வருவார்கள். டீ கொடுக்க வேண்டும். வீட்டில் பேச்சுச் சத்தம் கேட்கும். என் மனைவி கமலா போய் இரண்டு வருஷம் ஆகிறது. ஒரே மகள் பெங்களூரில். எங்கள் வீட்டில் மிக்ஸி ஓடும் சத்தம்தான் இப்போது பெரிய சத்தம். ஆட்கள் வரப்போகிறார்கள் என்ற சந்தோஷத்தில் நான் பயிரைப் பற்றி யோசிக்கவே இல்லை. பரணிலிருந்து பெரிய ஃபிளாஸ்க்கை இறக்கிக் கழுவி வைத்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்.

மெஷின் டிரைவர் லாரியிலிருந்து குதித்து இறங்கினார். வயலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வரப்பில் குனிந்து ஒரு கதிரை உருவி, ஒரு மணியை நகத்தால் நசுக்கினார். பால் வந்தது.

"என்ன சார் இது? இப்பத்தானே பால் பிடிச்சிருக்கு! எனக்குக் காட்டினது பழுத்த வயலாச்சே!"

பாக்கெட்டிலிருந்து போனை எடுத்து, செல்வம் அனுப்பிய படத்தை வயலுக்கு எதிரே பிடித்துக் காட்டினார். போனில் தகதகவென்று பொன்னிறம். போனுக்குப் பின்னால் பச்சைப் பசேல். ஒரே வரப்பு, ஒரே பம்ப்செட் கொட்டகை, ஒரே மின்கம்பம்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

போன தீபாவளிக்கு வந்தபோது என் மகள் தேன்மொழி என் போனில் ஒரு ஆப் போட்டுக் கொடுத்திருந்தாள். எந்தப் படத்தையும் அந்தக் காலத்து ஃபிலிம் ரோலில் எடுத்த மாதிரி மாற்றித் தரும். இருபது முப்பது ஃபில்டர்கள். எனக்குப் பிடித்தது கோல்டன் ஹவர். எதை எடுத்தாலும் அதன் மேல் சாயங்கால வெயில் அடிக்கும். ஒருமுறை வைத்துவிட்டால் அடுத்த படத்துக்கும், அதற்கடுத்த படத்துக்கும் அதுவே வந்து உட்கார்ந்துகொள்ளும். மூன்று மாதமாக நான் எடுக்கும் எல்லாப் படமும் அதில்தான். மறந்தே போய்விட்டேன்.

டிரைவர் நல்ல மனிதர். கோபப்படவில்லை. என் ஃபிளாஸ்க் டீயைக் குடித்தார். கிளம்பும்போது ஒன்றே ஒன்று சொன்னார்.

"யாராச்சும் ஒருத்தர் நேர்ல வந்து ஒரு எட்டு பாத்துருந்தா இப்படி ஆகியிருக்குமா சார்?"

லாரி திரும்பிப் போயிற்று. டீக்கடையில் ஒருவர், "அண்ணே, அப்படியே எங்க வாய்க்காலையும் ஒரு போட்டோ எடுத்துக் குடுங்க, தண்ணி வருதான்னு பாப்போம்" என்றார். வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வந்த கோபத்தில் அந்த ஆப்புக்கு ஒரு ஸ்டார் போட்டு, நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடுவது என்று உட்கார்ந்தேன். எழுதுவதற்கு முன் மற்றவர்கள் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று பார்க்கலாமே? பார்த்தேன். மத்தியானச் சாப்பாடு ஆறிப்போனது.

எத்தனை விதமான மனுஷர்கள்!

ஆன்லைனில் புடவை விற்கும் ஒருவர்: "மெரூன் கலர் காபித்தூள் கலராத் தெரியுது. கஸ்டமர் என்னத் திட்டுறாங்க." ஒரு ஸ்டார். இன்னொருவர் தன் வீட்டுக் கருவாட்டுக் குழம்பை எடுத்துப் போட்டிருக்கிறார். எந்த ஹோட்டல் என்று ஒன்பது பேர் கேட்டார்களாம். ஐந்து ஸ்டார். ஒரு அண்ணன், தங்கையின் படத்தை இதில் போட்டு மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார். "நேர்ல வந்து பாத்துட்டு, இது அக்காவான்னு கேக்குறாங்க." இரண்டு ஸ்டார். பாவம், அந்த இரண்டும் எதற்கோ! புதிய அப்டேட்டுக்குப் பிறகு படத்தில் மணல் தூவிய மாதிரி இருக்கிறது என்று ஒரு பெரிய கூட்டமே புலம்பியிருந்தது.

ஒருவர் விடாமல் எல்லாருக்கும் நிறுவனத்திலிருந்து பதில் வருகிறது. அன்புள்ள பயனரே, உங்கள் கருத்துக்கு நன்றி...

படிக்கப் படிக்க எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. ஒரு ஆப்புக்கு இத்தனை பேர் கருத்து சொல்கிறார்கள். எனக்குச் சொல்ல யார் இருக்கிறார்கள்? கமலா இருந்தவரை எதைப் பற்றியும் அவளுக்கு ஒரு கருத்து உண்டு. என் சட்டைக்கு, நான் வாங்கி வரும் கத்தரிக்காய்க்கு, பத்திரிகைக்கு நான் எழுதும் இந்தப் பத்திக்கு... எல்லாவற்றுக்கும். பெரும்பாலும் ஒரு ஸ்டார்தான். எழுதி முடித்ததைப் படித்துவிட்டு, "இத ஏன் இவ்ளோ நீட்டுறீங்க?" என்பாள். அப்போது எரிச்சலாக இருக்கும். இப்போது நான் எதை வேண்டுமானாலும் நீட்டலாம்.

ஸ்க்ரோல் செய்துகொண்டே போனபோது தமிழில் எழுதிய ஒரு கருத்து கண்ணில் பட்டது. பெயர் வேண்டாம். ஒரு பெண். கடற்கரை ஊர்க்காரர் என்பது மட்டும் தெரிந்தது. பூம்புகார்ப் பக்கமாகக்கூட இருக்கலாம்.

"எங்க ஊரு கடலு சாம்பலாத்தான் இருக்கும். இதுல எடுத்தா நீலமாக் காட்டுது. வெளிநாட்டுல இருக்குற எங்க வீட்டுக்காரருக்கு தெனமும் அனுப்புறேன். நாலு ஸ்டார் போட்டுருக்கேன். ஒண்ணு ஏன் கொறச்சேன்னா, அழகா இருக்குன்னு சொல்றாரு. வர்றேன்னு சொல்ல மாட்டேங்குறாரு."

அதற்கும் பதில் வந்திருந்தது. "அன்புள்ள பயனரே, உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம். ஆப்பை ஒருமுறை நீக்கிவிட்டு மீண்டும் இன்ஸ்டால் செய்து பாருங்கள்."

எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அப்புறம் போனைக் கீழே வைத்துவிட்டேன். முடியவில்லை. அழுதேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஏனென்றால் நானும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

என் மகளுக்கு ஜெர்மனியில் இரண்டு வருஷ வேலை வந்திருக்கிறது. அந்த வெள்ளிக்கிழமைக்குள் ஆபீஸில் பதில் சொல்ல வேண்டியிருந்தது. மெஷின் வருவதற்கு இரண்டு நாள் முன்னால், ஞாயிற்றுக்கிழமை, போனில் கேட்டாள், "நீங்க தனியா சமாளிச்சிடுவீங்களாப்பா? உண்மையச் சொல்லுங்க." நான் வாயால் ஒன்றும் சொல்லவில்லை. காலை டிபனைப் படம் எடுத்து அனுப்பினேன். வாழை இலையில் இட்லி, பக்கத்தில் காபி, மேலே அந்த மஞ்சள் வெயில். ஏதோ பத்திரிகை அட்டைப்படம் மாதிரி இருந்தது.

"சூப்பர்ப்பா! நீங்க செட்டில் ஆயிட்டீங்க. இப்பத்தான் எனக்கு நிம்மதி" என்றாள்.

அது கடையில் வாங்கிய இட்லி. அன்று மூன்று வேளையும் அதைத்தான் சாப்பிட்டேன். அதைச் சொல்லவில்லை. செல்வம் என் வயலைப் பார்த்த மாதிரிதான் அவளும் என்னைப் பார்த்திருக்கிறாள். அவள் மேல் என்ன தப்பு?

உடனே சொல்லிவிட்டேனா என்றால், அதுதான் இல்லை. புதன்கிழமை முழுக்க யோசித்தேன். பிள்ளைக்கு வந்த நல்ல வாய்ப்பு. சொன்னால் போகமாட்டாள். சொல்லாவிட்டால் நிம்மதியாகப் போவாள். சொல்லாமல் இருப்பதுதானே அப்பனுக்கு அழகு? ஆனால் அவள் கேட்டது உண்மையை. நான் கொடுத்தது இட்லி.

வியாழக்கிழமை மத்தியானம் போனில் சாதாரண கேமராவைத் தேடிப் பிடித்தேன். ஹாலில் நின்று என்னையே ஒரு படம் எடுத்தேன். ஃபில்டர் இல்லை, வெயில் இல்லை, சிரிப்பும் இல்லை. பார்த்தால் எனக்கே யாரோ மாதிரி இருந்தது. "இன்னிக்கு எடுத்தது" என்று இரண்டே வார்த்தை எழுதி அனுப்பினேன்.

நீல டிக் வந்தது. பதில் வரவில்லை. ஐந்து நிமிஷம்... பத்து நிமிஷம்... அழித்துவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

போன் அடித்தது.

"என்னப்பா இது? எவ்ளோ இளைச்சிருக்கீங்க! எத்தன நாளாச்சு ஷேவ் பண்ணி? பின்னாடி அம்மா சேர் மேல என்ன, துணி மலை மாதிரி கெடக்கு? மாத்திரை போடுறீங்களா, இல்லையா? நான் கேட்டேன்ல, உண்மையச் சொல்லுங்கன்னு? ஏம்ப்பா சொல்லல?"

அரை மணி நேரம் திட்டினாள். அவள் அம்மா குரல் அப்படியே. கடைசியில் குரல் உடைந்தது.

"போகாதன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கப்பா. நான் போகல."

"அத நான் சொல்ல மாட்டேன் தேனு. ஆனா, நல்லா இருக்கேன்னும் இனிமே சொல்ல மாட்டேன்."

அதற்குப் பிறகு இருவரும் போனை வைக்கவில்லை. அந்தப் பக்கம் அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. என் பக்கத்துச் சத்தம் அவளுக்கும் கேட்டிருக்கும்.

வெள்ளிக்கிழமை ஆபீஸில் சரி என்று சொல்லிவிட்டாள். நான்தான் சொல்லச் சொன்னேன். அடுத்த மாதம் கிளம்புகிறாள். அதற்கு முன் பத்து நாள் லீவு போட்டுவிட்டு இங்கே வருகிறாள்.

அப்புறம்? அப்புறம் இந்த வீட்டில் நான் தனியாகத்தான் இருக்கப்போகிறேன். ஆனால் அது இப்போது அவளுக்கும் தெரியும்... உங்களுக்கும்.