மூன்றாம் கேபினுக்கான வரி

எனக்குக் கோபம் சட்டென்று வரும். அதிலும், ஒரு இயந்திரம் தன்னிடம் எந்தக் குறையும் இல்லை என்று சாதித்துக்கொண்டே வேலை செய்யாமல் நின்றால் மண்டைக்குள் சுர்ரென்று ஏறும். அந்த வெள்ளிக்கிழமை பிற்பகல் சின்ன காஞ்சிபுரத்து பிரவுசிங் சென்டரில் அப்படித்தான் நின்றுகொண்டிருந்தேன்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில வருடங்கள். பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் பயிற்சி நிலையத்தில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். இந்த சென்டரின் லினக்ஸ் பெட்டியைப் பார்த்துக்கொள்வது என் உபரி வேலை. ப்ளைவுட் தடுப்புகளுக்குள் எட்டு கம்ப்யூட்டர்கள். அவற்றிலிருந்து வெளியே போவதும், வெளியிலிருந்து வருவதும் மூலையில் இருந்த அந்தப் பெட்டியைத் தாண்டித்தான் ஆக வேண்டும். எதை விடலாம், எதைத் தடுக்கலாம் என்று அதில் ஃபயர்வால் விதிகளை வரி வரியாக எழுதி வைத்திருந்தேன்.

சென்டரின் ஓனர் கோயில் கைங்கரியக் குடும்பத்தைச் சேர்ந்தவர். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் தட்டும்போது பின்னால் நின்று பார்த்தே இரண்டு மூன்று கட்டளைகளைக் கற்றுக்கொண்டிருந்தார். அரைகுறை என்று சொன்னால் முகம் சுண்டிப்போகும். ஆனால் அரைகுறைதான்.

அன்று மூன்றாம் கேபினில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். ஓரிக்கையில் ஜாக்கெட் தைப்பவள். அவளுக்கும் அவள் கணவனுக்கும் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் கிடையாது. ஒரே பள்ளியில் படித்து, பிடித்துப்போய்க் கல்யாணம் செய்துகொண்டவர்கள். அவன் துபாயில் ஒரு தையல் கம்பெனியில் இருந்தான். டெலிபோனால் இவர்களுக்கு என்ன பிரயோஜனம்? இருவரும் எழுத்துக் கூட்டிப் படிப்பார்கள், அவ்வளவுதான். மனத்தில் இருப்பதைச் சொல்லக் கைகள் வேண்டும். அதனால் வெள்ளிக்கிழமைதோறும் மெசஞ்சரில் காமிரா போட்டுப் பேசுவார்கள். அவன் தங்கியிருந்த விடுதியில் ஒரே ஒரு கம்ப்யூட்டர். அவன் முறை நம் ஊர் நேரத்துக்கு மூன்றரையிலிருந்து நாலு வரை.

அன்றைக்கு அவள் சொல்ல வந்தது சாதாரண சேதி இல்லை. அவனுடைய ஒப்பந்தம் முடியப்போகிறது. இன்னும் மூன்று வருடம் இருப்பதா, ஊர் திரும்புவதா என்று கம்பெனிக்குச் சொல்ல வேண்டும். அவன் அங்கேயே இருப்பதுதான் அவனுடைய அண்ணனுக்கு வசதி. இவளை ஒரு வார்த்தை கேட்காமலே, இவளும் அதைத்தான் விரும்புகிறாள் என்று ஆள் மூலம் அவனுக்குச் சேதி அனுப்பிவிட்டார். அவனோ, யார் சொன்னாலும் நம்பமாட்டேன், நீ உன் கையால் சொல், அதன்படி செய்கிறேன் என்று இவளிடம் சொல்லியிருந்தான். வந்துவிடு என்று சொல்ல இவள் முடிவெடுத்துவிட்டாள். போன வெள்ளிக்கிழமையே சொல்ல வந்தாள். மெசஞ்சர் திறக்கவில்லை. லைன் கோளாறாக இருக்கும் என்று ஓனர் சொன்னதைக் கேட்டுத் திரும்பிப் போனாள். இந்த வாரமும் அதே கதை ஆனபோதுதான் அவர் எனக்குப் போன் செய்தார். வகுப்பைப் பாதியில் விட்டு ஓடி வந்தேன். நான் உள்ளே நுழையும்போதே மூன்றரை தாண்டிவிட்டது.

கூட அவளுடைய அக்கா வந்திருந்தாள். தங்கையின் கைப்பேச்சை நமக்கு வாயால் சொல்பவள் அவள்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தாள்.

“நாலு மணிக்குள்ள எப்டினா பண்ணுக்கா. இன்னிக்கும் பாக்கலன்னா அந்த மனுசன் கையெழுத்து போட்டுடுவாரு.”

முதலில் கேபிளைப் பிடுங்கிச் செருகினேன். காமிரா வேறு கம்ப்யூட்டரில் வேலை செய்தது. இணையப் பக்கங்கள் கடகடவென்று திறந்தன. பக்கத்துக் கேபினில் ஒரு மாணவர் நிம்மதியாகப் பரீட்சை முடிவு பார்த்துக்கொண்டிருந்தார். மெசஞ்சரின் சின்னம் மட்டும் சுற்றிச் சுற்றி வந்து, இணைக்க முடியவில்லை என்று கைவிரித்தது. பக்கங்கள் பெட்டிக்குள்ளேயே இருந்த ப்ராக்ஸி என்ற இடைத்தரகன் வழியாகப் போகும். மெசஞ்சரும் காமிராவும் நேராக வெளியே போகும். அப்படியென்றால் அந்த நேர்வழியில்தான் ஏதோ நிற்கிறது.

மூலைப் பெட்டியின் முன் உட்கார்ந்து அந்த நேர்வழிக்கான விதிகளைத் திரையில் வரவழைத்தேன். ஓனர் என் தோளுக்கு மேல் குனிந்து, இதோ இருக்கிறதே என்று விரலால் காட்டினார். இருந்தது. அவளுடைய காமிராப் பேச்சுக்காக மூன்றாம் கேபினுக்கு எல்லா வழியும் திறந்துவிடும் வரி, நான் எழுதியது எழுதியபடி. ஒரு எண்கூட மாறவில்லை. தப்பு கண்ணில் பட்டால் திருத்தலாம். எல்லாம் சரியாக இருந்தால் எங்கே போய்த் திருத்துவது?

ஒவ்வொரு வரியிலும் அன்று எத்தனை பாக்கெட்டுகள், அதாவது தகவல் துண்டுகள், சிக்கின என்ற கணக்கையும் சேர்த்துக் காட்டச் சொன்னேன். மூன்றாம் கேபின் வரிக்கு எதிரே பூஜ்யம். அவள் அரை மணியாக அங்கே முட்டிக்கொண்டிருக்க, ஒரு பாக்கெட்கூட அந்த வரியை வந்து தொடவில்லை. பார்வையை மேலே ஓட்டினேன். எல்லாவற்றுக்கும் தலையில், நான் எழுதாத ஒரு வரி. யாராக இருந்தாலும், எங்கே போனாலும், தடு. அதற்கு எதிரே எண்கள் குவிந்து கிடந்தன.

இது யார் வேலை என்று கேட்டேன். குரல் உயர்ந்திருக்க வேண்டும், பரீட்சை முடிவு பார்த்த மாணவர் எட்டிப் பார்த்தார்.

“நான்தாம்மா போட்டேன். பசங்க சாட்டிங்லயே கிடக்கறான்னு பத்து நாள் முன்னாடி போலீஸ்காரர் வந்து சத்தம் போட்டுட்டுப் போனார். ஆனா உன் வரியைத் தொடவே இல்லை. அந்தப் பொண்ணோடது கீழே பத்திரமா இருக்கு பார். பெரிய உத்தரவு முதல்ல நிக்கணுமேன்னுதான் மேல வெச்சேன்.”

அவர் பொய் சொல்லவில்லை, அதுதான் எரிச்சல். கோயில் கோஷ்டியில் யாருக்கு முதல் தீர்த்தம், யாருக்கு அடுத்தது என்பதில் பிறந்தது முதல் ஊறியவர். அங்கே முதல் தீர்த்தம் பெரியவருக்குப் போனாலும், கடைசியில் நிற்கிறவர் கைக்கும் ஒரு சொட்டு வந்து சேரும். ஃபயர்வாலில் அந்த தாட்சண்யம் கிடையாது. மேலிருந்து கீழே படித்துக்கொண்டு வரும், முதலில் பொருந்தும் வரியோடு தீர்ப்பு முடிந்துவிடும். கீழே யாருக்கு என்ன வாக்குக் கொடுத்திருக்கிறீர்கள் என்று அது எட்டிக்கூடப் பார்க்காது.

அந்த வரியைத் தூக்கப் போனேன். அவர் கீபோர்டின் மேல் கையை வைத்துவிட்டார். எடுத்தால் எட்டு கேபினிலும் சாட்டிங் திறந்துகொள்ளும், போலீஸ்காரர் இந்தப் பக்கம் வந்தால் கடைக்குப் பூட்டுதான் என்று புலம்பினார். அவர் கையைத் தட்டிவிடலாமா என்றுகூட நினைத்தேன். சுவர்க் கடிகாரத்தில் முள் நாலை நெருங்கிக்கொண்டிருந்தது. தடையை எடுக்கவில்லை, அவளுடைய வரியை அதற்கு மேலே ஏற்றுகிறேன், அவ்வளவுதான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். கையை எடுத்தார்.

தட்டினேன். பூஜ்யம் ஐந்தானது, பன்னிரண்டானது. பாக்கெட்டுகள் போகின்றன. ஆனால் மெசஞ்சர் இன்னும் சுற்றியது. அக்கா கேபின் வாசலுக்கும் எனக்கும் இடையில் நடந்துகொண்டே இருந்தாள். அவசரத்தில் இரண்டு முறை தப்பாக அடித்தேன். அப்புறம்தான் உறைத்தது. போகிற வழியை மட்டும் திறந்திருக்கிறேன். பதில் திரும்பி வரும்போது அதே தடை அதை மடக்கிக்கொள்கிறது. பதில்களை உள்ளே விடும் வரியும் கீழேதான் அடைபட்டுக் கிடந்தது. அதையும் மேலே ஏற்றினேன்.

மூன்றாம் கேபினில் மணி அடிப்பது போல ஒரு ஒலி கேட்டது. அவளுக்குக் கேட்காது. ஆனால் எங்களுக்கு முன்னால் அவள்தான் திரையை நோக்கிச் சாய்ந்தாள்.

அவன் முகம் வந்தது. படம் விட்டு விட்டுத்தான் நகர்ந்தது. வேகமாகக் கையசைத்தால் பாதி தொலைந்துவிடும் என்பது அவர்களுக்குப் பழக்கம். அவள் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி, மார்பு வரை காமிராவில் தெரியும்படி உட்கார்ந்து, ஒவ்வொரு அசைவையும் நிறுத்தி நிறுத்திச் செய்தாள். விரித்த கையைத் தன் நெஞ்சுக்கு இழுத்தாள். மறுபடி இழுத்தாள். வந்துவிடு. அது எனக்கே புரிந்தது. சண்டை போட்டாவது சரியான நேரத்துக்கு முடித்துவிட்டோம் என்று ஒரு பெருமை வந்தது.

அவன் அசையவில்லை. படம் நின்றுவிட்டதோ என்று நினைத்தேன். இல்லை, கண் இமைத்தது. பிறகு அவன் இடது உள்ளங்கையை விரித்து, வலது கையால் அதன்மேல் பேனா பிடிப்பதுபோல் ஒரு கோடு இழுத்துக் காட்டினான். தொடர்ந்து தன்னைக் காட்டினான், உட்கார்ந்திருந்த இடத்தைக் காட்டினான், என்னென்னவோ சொன்னான். அக்கா திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். என்ன சொல்கிறான் என்று அவள் தோளைத் தொட்டுக் கேட்டேன்.

“போன வெள்ளிக்கெழம இங்கயே ஒக்காந்துக்கினு இருந்தாராம். நீ வரவே இல்ல, அப்ப அண்ணன் சொன்னது நெசந்தான் போலன்னு நெனச்சிட்டேன்றாரு. மறாநாளே போட்டுட்டாராம்க்கா. மூணு வருசம்.”

ஓனர் என் பின்னால்தான் நின்றிருந்தார். அவருக்குக் கேட்டது என்பது மூச்சிலேயே தெரிந்தது. வாயில் தயாராக இருந்த வார்த்தைகளோடு திரும்பினேன். அவர் முகத்தைப் பார்த்ததும் கேபின் பக்கமே பார்வையை மாற்றிக்கொண்டேன்.

அவள் கைகள் மடியில் இறங்கிவிட்டன. அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். கோபமா, அழுகிறாயா, ஏன் வரவில்லை, ஏதாவது சொல் என்று அக்கா மெல்லிய குரலில் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். தங்கை அவனைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். அவன் பின்னால் அடுத்த ஆள் வந்து நின்றான். கணவன் எழுவதற்கு முன் தன் இரண்டு கைகளையும் காமிராவுக்கு நேராக உயர்த்தி, அவளையும் கைகளைத் தூக்கிப் பேசச் சொல்லிக் காட்டினான்.

அவள் தூக்கவில்லை.