நிழற்குடையின் பின்பக்கம்

நெஞ்சுவலி வந்து பிழைத்தெழுந்த பிறகு எங்களைப் பெற்ற அத்தாவுக்கு ஒரே நினைப்புதான். "நான் மௌத்தான பெறகும் நாலு பேருக்கு நம்மளால நல்லது நடக்கணும்மா" என்பார். அவருக்குச் சிவகாசியில் காலண்டர் வியாபாரம். விற்றதெல்லாம் டிசம்பர் தாண்டினால் பிள்ளைகளின் நோட்டுக்கு அட்டையாகிவிடும். அதற்கு மேலும் நிற்கிற ஒன்று அவருக்கு வேண்டியிருந்தது.

ஆமத்தூர்ப் பக்கம் பட்டாசு ஆலைக்குப் போகும் பெண்கள், காலையில் கம்பெனி வேனுக்காக வெயிலில் நிற்பதைப் பஸ்ஸிலிருந்து பார்த்திருக்கிறார். அங்கே ஒரு நிழற்குடை கட்டுவது என்று முடிவானது. ஊர்க்காரர்கள் ரோட்டுக்குக் கிழக்கேயும் இடம் காட்டினார்கள், மேற்கேயும் காட்டினார்கள்.

"மேக்கால கட்டுவோம். காலை வெயிலு நேரா முகப்பு நெத்தியில விழும். பஸ்ஸுல போறவுகளுக்கு நம்ம பேரு பளிச்சுன்னு தெரியும்" என்றார் அத்தா.

நாங்களும் பூம்பூம் மாடாகத் தலையாட்டினோம். எழுத்து என்ன நிறம் என்று வீட்டில் சண்டையே நடந்தது. சிவப்புத்தான் என்று கத்தி ஜெயித்தவள் நான்.

கட்டி முடித்துச் சில வாரம் கழித்து, ஒரு காலையில் என்னையும் கூட்டிக்கொண்டு பார்க்கப் போனார். உள்ளே ஈ காக்கை இல்லை. பெஞ்சில் உட்கார்ந்தால் வெயில் கண்ணைக் குத்தியது. தலைக்கு மேலே பெயர் மட்டும் ஜொலித்தது. எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "இந்த ஜனங்களுக்குச் செஞ்சு என்ன பிரயோஜனம் அத்தா?" என்று நான் கேட்டு வாயை மூடுவதற்குள் சுவருக்குப் பின்னாலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது.

சுற்றிக்கொண்டு போய்ப் பார்த்தோம். பின்சுவரின் நிழலில், வெறுந்தரையில், தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

ஓர் அம்மா நகர்ந்து இடம் விட்டார். "அங்கன வெயிலு மூஞ்சியில அடிக்கும். இங்கன வந்து ஒக்காருங்கய்யா. எந்த மகராசன் கட்டுனாரோ, செவரு நல்ல நெழலு தருது."

கேலியாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன். அந்த அம்மா மனசாரச் சொன்னார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. 'இவுகதான் கட்டுனது' என்று சொல்ல வாயெடுத்தேன். அத்தா என் கையை இறுக்கிப் பிடித்தார். தரையில், அவர்களோடு உட்கார்ந்தார்.

வேன் வந்து அவர்கள் ஏறிப்போன பிறகு என்னிடம் சொன்னார். "ஒருநா காலையில வந்து இவுகளோட நின்னுருந்தா தெரிஞ்சிருக்கும்லம்மா."

மறுவாரமே பின்சுவரை ஒட்டிச் சிமெண்டு பெஞ்சு போட்டு, மேலே தகரமும் இறக்கினார். இங்கேயும் பெயர் எழுதவா என்று பெயிண்டர் கேட்டார். "எழுதுனது போதும்யா" என்றார் அத்தா.

அவர் மௌத்தாகிப் பல வருஷமாகிவிட்டது. அந்த வழியே போகும்போதெல்லாம், பின்பக்கம் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே போகிறேன். பாழாய்ப்போன கண், அந்தச் சிவப்பு எழுத்து மங்காமல் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கிறது.