மடியில் அமர்த்தும் அதிகாரம்

ஏழு வயதாகியும் எனக்குக் காது குத்தவில்லை. காரணம் என் மாமா. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்த வேண்டும். அம்மாவுடன் பிறந்த ஒரே அண்ணனான அவரோ சவுதியில் இருந்தார். "அடுத்த லீவுக்கு வாரேன்" என்று வருடம் தவறாமல் சொல்வார். லீவுதான் வரவில்லை.

அந்த மாசியில் அப்பா பொறுமையிழந்து நாள் குறித்துவிட்டார். வெறும் வாயை மெல்லும் அத்தைக்கு அவல் கிடைத்தது. "பொறந்த வீட்டுல ஆளில்லாதவ மகளுக்கு யாரு மடி கொடுக்கப் போறா?" என்று அம்மாவின் காதுபடக் கேட்டாள். அன்று அம்மா வைத்த குழம்பில் உப்பே இல்லை.

சவுதிக்குப் போகும் முன் மாமா பேரையூரில் ஒரு பத்திர எழுத்தரிடம் வேலை பார்த்தவர். எழுதித் தீர்க்க முடியாத சிக்கல் உலகத்தில் இல்லை என்பது அவருடைய நம்பிக்கை. சிம்மக்கல்லில் ஜவுளிக் கடையில் இருந்த தன் சிநேகிதருக்கு ஒரு தாள் எழுதி அனுப்பிவிட்டார்.

காதுகுத்தன்று கோயிலுக்கு அந்தச் சிநேகிதர் பட்டுப்பாவாடை, தோடு, பழத்தட்டு சகிதம் வந்து இறங்கினார். வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிறவர். எங்கள் ஊருக்கு அதுவரை வந்ததே இல்லை.

"நீங்க என்ன முறை?" என்றார் பெரியப்பா.

அவர் சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்துக் கூட்டத்தின் நடுவே உரக்கப் படித்தார். "மேற்படி சிறுமியை என் சார்பில் மடியில் அமர்த்தவும், அழுதால் சமாதானம் செய்யவும், சீர் வழங்கவும் இவருக்கு முழு அதிகாரம் அளிக்கிறேன். இவர் செய்வது யாவும் நானே நேரில் செய்ததாகும்." கீழே மாமாவின் கையெழுத்து. சாட்சிக்கு அறைத்தோழர்கள் இருவர்.

தாத்தா காலம்வரை அடுத்தவர் காட்டில் கூலிக்கு உழைத்த குடும்பம் எங்களுடையது. முதன்முதலில் எங்கள் பேருக்கு நிலம் பதிந்தவர் பெரியப்பாதான். அதனால் பத்திரம் என்றால் அவருக்குச் சாமிக்கு அடுத்தபடி. தாளைக் கண்ணில் ஒற்றாத குறையாகத் திருப்பிக் கொடுத்தார்.

"கையெழுத்து இருக்குல்ல, அப்புறமென்ன? உக்காருங்க மாப்ள."

ஆசாரி ஊசியை எடுத்ததும் நான் ஊரைக் கூட்டினேன். மடியில் வைத்திருந்த சிநேகிதர் தமிழில் கெஞ்சினார், பிறகு தம் மொழியில் கெஞ்சினார். நான் அவர் கையைக் கடித்து வைத்தேன். கடி வாங்குவதைப் பற்றிப் பத்திரத்தில் ஒரு வார்த்தையும் இல்லை. இருந்தும் வாங்கிக்கொண்டார்.

மாமா பிற்பாடு ஊர் திரும்பி என் கல்யாணத்தை முன்னின்று நடத்தினார். அப்போதும் அவர் பக்கத்தில் இன்னொரு மாமாவாக இவர் நின்றார். இவரை நினைத்தால் இன்றும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

வேலையாக வரும் வெளியாட்கள் எங்கள் தெருவில் கை நனைக்க மாட்டார்கள். "இப்பத்தான் சாப்பிட்டேன்" என்று நழுவிவிடுவார்கள். அது தெரிந்துதான் காதுகுத்தன்று கோயிலிலிருந்து திரும்பியதும் அம்மா அவருக்காகக் கடையில் ஒரு பாட்டில் கலர் வாங்கி வைத்திருந்தாள். அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எல்லோரோடும் வீட்டு வாசல் பந்தியில் உட்கார்ந்து, "தங்கச்சி, இலையப் போடும்மா, பசி உசுரு போகுது" என்றார். கறிக்குழம்பை இரண்டாவது தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

நான் அடுப்படிக்கு ஓடினேன். அம்மா குழம்புச் சட்டிமுன் நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். என் காதுக்காகத்தான் அழுகிறாள் என்று நினைத்தேன். பாவமாக இருந்தது. சேலையைப் பிடித்து இழுத்து, "அழாதம்மா, எனக்கு இப்ப வலிக்கல" என்றேன்.