ரிஸானா வீட்டு சஹனும் என் வயிற்றெரிச்சலும்

எங்கள் பல்கலைக்கழகத்துக்கு நோர்வேயிலிருந்து பரிமாற்றப் பயணமாக நான்கு மாணவர்களும் ஒரு பேராசிரியையும் பெப்ரவரியில் வந்தார்கள். வாசனைப் பயிர்த் தோட்டங்களைப் பார்க்க வேண்டும், ஹோட்டலில் அல்லாமல் வீடுகளில் தங்க வேண்டும் என்பது அவர்களின் விருப்பம். துறையில் மாத்தளைக்காரர்கள் இருவர், நானும் ரிஸானாவும். மாணவர்கள் பல்லேபொல பக்கமுள்ள ரிஸானாவின் வீட்டுக்கு, பேராசிரியை இங்ரிட் டவுனில் உள்ள என் வீட்டுக்கு என்று முடிவானது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பதில் பயணமாக எங்களில் ஒருவர்தான் நோர்வே போகலாம். யார் என்பதில் இங்ரிட்டின் வார்த்தைக்கு மதிப்பிருக்கும். அவர் என் வீட்டில் தங்குகிறார் என்றதும் பாதி நோர்வே போய்விட்டேன்.

வியாழன் பிற்பகல் கண்டியிலிருந்து மாத்தளைக்கு ரயிலில் வந்தோம். இருபத்தைந்து கிலோமீற்றர்தான். பஸ் சீக்கிரம் வந்துவிடும், ஆனால் வெளிநாட்டவரோடு வந்தால் ரயிலையே எடுங்கள். ஜன்னலோரம் அவர்களைப் பேசாமல் வைத்திருக்கும். மாணவர்களை ரிஸானா வேனில் ஏற்றிக்கொண்டு போனாள். நாங்கள் ஆட்டோ பிடித்தோம், பைகளோடு முந்நூறு ரூபா.

"மிஸ், இவங்க உங்க வீட்டுக்கா வந்திருக்காங்க?" என்று டிரைவர் கண்ணாடியில் பார்த்துக் கேட்டார்.

"ஆமாங்க, எங்க வீட்டுக்குத்தான்" என்றேன், தேவைக்கு மேல் சத்தமாக.

அன்றிரவு இடியாப்பம், சொதி, கோழிக்கறி, சம்பல். புது மேசை விரிப்பு, புது முள்ளுக்கரண்டி. இங்ரிட்டை நடுவில் உட்கார வைத்து, நான் ஒரு பக்கமும் என் கணவர் மறு பக்கமும் நின்று பரிமாறினோம். எங்கள் வீட்டில் விருந்தாளி கை கழுவும் வரை வீட்டார் உட்கார மாட்டோம். தட்டு காலியாகும் முன்பே அடுத்தது விழும். அவர் வேகமாகச் சாப்பிட்டு, நன்றி சொல்லி, அறைக்குப் போய்விட்டார். பயணக் களைப்பு என்று நினைத்தோம். பிறகு நாங்கள் குசினியில் சாப்பிட்டோம்.

வெள்ளிக்கிழமை முத்துமாரியம்மன் கோயிலுக்கும் சந்தைக்கும் கூட்டிப்போனேன். கோயிலுக்குக் காலையிலேயே போய்விடுங்கள், வெயில் ஏறினால் வெறுங்கால் தாங்காது. வெளியே நன்றாகப் பேசினார். வீட்டுக்கு வந்து மேசையில் உட்கார்ந்தால் மட்டும் மறுபடியும் அதே அவசரம். கறி பிடிக்கவில்லையோ என்று மறுநாள் காலைக்குப் பாணும் பட்டரும் வாங்கி வைத்தேன். அதையும் நின்றுகொண்டுதான் பரிமாறினேன்.

சனிக்கிழமை வேன் பேசிக்கொண்டு பல்லேபொலவுக்குப் போனோம். ரிஸானாவின் வாப்பாவின் தோட்டத்தில் மிளகுக் கொடி, சாதிக்காய், கொக்கோ எல்லாம் நெருக்கியடித்து நிற்கின்றன. அட்டை கடிக்கும், கால் மூடிய சப்பாத்து அவசியம். மாணவர்கள் ரிஸானாவின் உம்மாவை "உம்மா" என்றே கூப்பிட்டார்கள். இரண்டே நாளில்! எனக்குச் சுருக்கென்றது.

மதியம் பாய் விரித்து இரண்டு சஹன் வைத்தார்கள். பெரிய தாம்பாளம், நடுவில் சோறு, சுற்றி இறைச்சி, கத்தரிக்காய்ப் பொரியல். ஒரே சஹனைச் சுற்றி உட்கார்ந்து எல்லோரும் அதிலேயே கைவைத்துச் சாப்பிடுவார்கள். இங்ரிட் சம்மணமிட்டு உட்கார்ந்தார். உம்மா தன் பக்கத்து இறைச்சியை அவர் பக்கம் தள்ளினார், இவர் திருப்பித் தள்ளினார். என் வீட்டில் ஒரு தடவையும் கேட்காத சிரிப்பை அங்கே கேட்டேன். சாப்பிட்டபடியே ரிஸானா தன் ஆய்வைப் பற்றி அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். நானோ வழக்கம்போல கரண்டியைத் தூக்கிக்கொண்டு நின்றேன்.

"அக்கா, ஏன் நிக்கிறீங்க? இங்க இடம் இரிக்கி, உக்காருங்க" என்றாள் ரிஸானா.

"எனக்குப் பசிக்கலங்க" என்றேன். பசி குடலைப் பிடுங்கியது. ஆனாலும் அந்தச் சஹனில் கைவைக்க மனம் வரவில்லை. என் விருந்தாளியை இவள் கொத்திக்கொண்டு போகிறாளே என்று வயிறு எரிந்தது.

திரும்பும் வழியில் வேனில் இங்ரிட் தயங்கித் தயங்கி ஆங்கிலத்தில் கேட்டார்: "உங்கள் வீட்டில் என்னோடு உட்கார்ந்து சாப்பிடக் கூடாதா? நீங்கள் பசியோடு காத்து நிற்கிறீர்கள் என்றுதான் நான் அவசரமாக முடித்துக்கொண்டு போகிறேன்."

மரியாதைக்குத்தான் அப்படி நின்றோம் என்றேன். "எனக்கு அது தெரியவில்லை" என்றார். எனக்கும் தெரியவில்லைதான். மூன்று நாளாக நான் உபசரித்ததாக நினைத்தது அவரை விரட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

ஞாயிறு காலை என் தட்டையும் மேசையில் வைத்து எதிரே உட்கார்ந்தேன். எங்கள் வீட்டில் விருந்தாளிக்கு முன்னால் நான் வாயில் வைத்த முதல் கவளம் அது. இங்ரிட் சிரித்தபடி சம்பலை என் பக்கம் தள்ளினார். "இப்போது சொல்லுங்கள், உங்கள் ஆய்வு எதைப் பற்றி?" என்றார்.

மிளகுத் தோட்டங்களில் வேலை செய்யும் பெண்களைப் பற்றி என்று தொடங்கினேன். தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து எப்படிப் படித்தேன் என்பதற்கு வருவதற்குள், அவரைக் கண்டிக்குத் திருப்பி ஏற்றிப்போக வந்த வேன் வாசலில் ஹோர்ன் அடித்தது.

நோர்வேக்கு ரிஸானா தெரிவாகிவிட்டாள். அநியாயம் என்று சொல்ல மாட்டேன். பொறாமை என்று தாராளமாகச் சொல்வேன், இதை எழுதும்போதும் இருக்கிறது.

வெளிநாட்டு விருந்தாளியை வீட்டில் தங்க வைக்கப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். கொதித்தாறிய தண்ணீர் போத்தலை அறையிலேயே வையுங்கள். நுளம்பு வலை கட்டாயம். காரத்தைக் குறைப்பதாக இருந்தால் முதலில் கேட்டுவிட்டுக் குறையுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், உங்கள் தட்டையும் மேசையில் வையுங்கள்.

போன வாரம் ரிஸானா குளிருக்கு ஸ்வெட்டர் கேட்டு வந்தாள். இந்தப் பயணத்தை நம்பி நான் நுவரெலியாவில் வாங்கிய புதியதை அலுமாரியில் விட்டுவிட்டு, பழையதைக் கொடுத்தேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, "அங்க ரூம்ல தனியா உக்காந்து சாப்பிடணுமே, அதுதான் பயமா இரிக்கி அக்கா" என்றாள்.

ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கலாம். அந்தப் பயமாவது எனக்குக் கிடைத்திருக்கக் கூடாதா என்றுதான் நினைத்தேன்.